ஊரில் ஒரு சிறுவர் சித்திரப் பட்டறை: எத்தனை பிள்ளைகள், என்ன பொருள், எவ்வளவு சொல்லிக்கொடுப்பது?

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவர், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தம் வீட்டு விறாந்தையில் சித்திரப் பட்டறை ஒன்றைத் தொடங்க விரும்புகிறார். எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கலாம், முதலில் முறையாகக் கீறக் கற்றுக்கொடுக்க வேண்டுமா அல்லது அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டுமா, அதிகம் செலவில்லாமல் எந்தப் பொருட்களை வைத்துக்கொள்ளலாம், தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக வைத்து நடத்த முடியுமா, போட்டியில் பரிசு கிடைக்குமா, சான்றிதழ் உண்டா என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது என்பன அவருடைய கேள்விகள். மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் இத்தகைய பட்டறைகளை நடத்தியும், நடத்துகிறவர்களுக்குத் துணைநின்றும் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

எதைக் கீறுவது, தாளில் எங்கிருந்து தொடங்குவது, எந்த வர்ணத்தை எடுப்பது, எப்போது போதும் என்று நிறுத்துவது ஆகிய தீர்மானங்களைப் பிள்ளை தானே எடுக்கும் அளவுக்குத்தான் ஒரு பட்டறை ஆக்கத்திறனை வளர்க்கும். பெரியவர் எடுத்துவைத்த தீர்மானங்களைப் பிள்ளை நிறைவேற்றினால் கை பழகும். அதுவும் வேண்டியதுதான், ஆனால் அதற்குப் பட்டறை தேவையில்லை, கடையில் விற்கும் வர்ணந்தீட்டும் கொப்பியே போதும். குழுவின் அளவு, பொருட்கள், நேரம், பரிசு, பெற்றோருடனான பேச்சு ஆகிய எல்லாவற்றையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே நீங்கள் முடிவுசெய்துகொள்ளலாம்.

இப்பகுதிப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து விரும்பியதைக் கீறச் சொன்னால் என்ன வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் இடுக்கிலிருந்து கதிர் விரிக்கும் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள். மட்டக்களப்பின் கரையோரம் முழுவதும் சமதரை. மேற்கே தூரத்தில் குடும்பிமலை தெரிவதோடு சரி. வாழைச்சேனைப் பிள்ளையும் திருக்கோவில் பிள்ளையும் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழுவதைப் பார்த்தே வளர்கிறார்கள். அப்படியிருந்தும் தாளில் அது மலையிடுக்கிலிருந்துதான் எழுகிறது. ஏனென்றால் அந்தப் படம் அண்ணனின் கொப்பியிலிருந்தும், முன்பள்ளிச் சுவரிலிருந்தும், முந்திய ஆண்டு பரிசு பெற்ற படத்திலிருந்தும் கைமாறிக் கைமாறி வந்தது. அதைக் கீறும்போது பிள்ளை எந்தத் தீர்மானத்தையும் எடுப்பதில்லை.

இதைக் கீறாதே என்று தடுப்பதால் பயனில்லை. மலை போனால் அடுத்த வாரம் பூச்சாடி வரும். கேள்வியைக் குறுக்குவதுதான் வழி. "இயற்கைக் காட்சி ஒன்றைக் கீறுங்கள்" என்பது பிள்ளைக்கு மிகப் பெரிய கேள்வி. "உங்கட வீட்டுக் கிணத்தடியில என்னென்ன கிடக்குது?" என்பது விடை சொல்லக்கூடிய கேள்வி. மலைப் படத்தை முடித்துவிட்டுச் சும்மா இருந்த எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தியிடம் இப்படிக் கேட்டபோது, அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் முதலில் ஒரு சின்ன வட்டத்தைப் போட்டாள். பிறகு அந்த வட்டத்தைச் சுற்றி ஒரு வாளியைக் கீறினாள். வட்டம் வாளியின் ஓட்டை. ஓட்டையிலிருந்து நீர் ஒழுகிச் சேறாகியிருந்தது. சேற்றுக்குள் ஒரு கோழி நின்றது. கோழியின் கால் விரல்கள் மட்டும் சேற்றுக்குள் மறைந்திருந்தன. மறைந்ததைக் கீறாமல் விடுவது அந்த வயதுக்கு எளிதான காரியமல்ல. முன்பக்கத்து மலைப் படத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னவர்கள் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்பது வேறு கதை.

கற்றுக்கொடுப்பதா, விடுவதா என்ற கேள்விக்கு வயதைக் கொண்டே விடை சொல்ல வேண்டும். சிறுவர் சித்திரத்தின் வளர்ச்சிப் படிகளை 1947இல் விரிவாக எழுதிய விக்டர் லோவென்ஃபெல்ட், ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கல், நான்கு முதல் ஏழு வரை வட்டமும் கோடும் சேர்ந்து ஆளாகவும் வீடாகவும் மாறும் காலம், ஏழு முதல் ஒன்பது வரை ஒவ்வொரு பொருளுக்கும் பிள்ளை தனக்கென ஓர் உருவை வைத்திருக்கும் காலம், அதன்பின் கண்ணில் தெரிவது போலவே வரவில்லையே என்று கவலைப்படத் தொடங்கும் காலம் என்று பிரித்தார். வயதெல்லைகள் பிள்ளைக்குப் பிள்ளை முன்பின் ஆகும். வரிசை பெரும்பாலும் பொருந்துகிறது. ஏழெட்டு வயதில் தாளின் அடியில் ஒரு கோட்டைப் போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் நிறுத்துவதும், தாளின் உச்சியில் மட்டும் நீலப் பட்டை ஒன்றைத் தீட்டி அதை வானம் என்பதும், சட்டிக்குள் இருக்கும் மீனைச் சட்டியின் வயிற்றில் தெரியக் கீறுவதும், லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சக்கரங்களை இரண்டு பக்கமும் படுத்துக் கிடப்பது போலக் கீறுவதும் பிழைகளல்ல. சட்டிக்குள் மீன் இருப்பது பிள்ளைக்குத் தெரியும், தெரிந்ததைக் கீறுகிறது. "சட்டிக்குள்ள இருக்கிற மீன் வெளியில எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுத் திருத்தினால், அது அடுத்த தடவை மீனில்லாத சட்டியைக் கீறும். நீங்கள் இழந்தது ஒரு மீன் மட்டுமாக இருக்காது.

ஆகவே ஒன்பது வயதுக்குக் கீழே நுட்பம் எதையும் நீங்களாக முன்வந்து கற்பிக்க வேண்டாம். தூரிகையைக் கழுவுவது, வர்ணத்தைக் கலப்பது, களிமண் துண்டுகளை ஒட்டுவது போன்ற கருவிப் பழக்கங்கள் வேறு. அவற்றை முதல் நாளே காட்டிக்கொடுக்க வேண்டும். ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறுகிறது. அதுவரை தாளை நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அழிறப்பரால் தாள் கிழியும்வரை அழிக்கும். "எனக்குக் கீற வராது டீச்சர்" என்று பென்சிலைக் கீழே வைக்கும். பெரும்பாலானோர் படம் கீறுவதை வாழ்நாளுக்கும் விட்டுவிடுவது இந்த வயதில்தான். இங்கே "உன் மனம்போலக் கீறு" என்று சொல்வது உதவியல்ல. அது பிள்ளையைக் கைவிடுவது. கை எப்படி மடங்குகிறது, தூரத்துத் தோணி ஏன் சிறிதாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று அது கேட்கும்போது தெளிவாகக் காட்டிக்கொடுங்கள். ஆனால் காட்டுவது உங்கள் தாளில் இருக்கட்டும். பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படக்கூடாது. நான் எந்தப் பட்டறையிலும் விட்டுக்கொடுக்காத ஒரே சட்டம் இதுதான். உதவிக்கு வருகிறவர்கள் இதனால் என்னோடு மனத்தாங்கல் பட்டதும் உண்டு.

குழுவின் அளவைக் கணக்காகவே சொல்லிவிடலாம். தொண்ணூறு நிமிடப் பட்டறையில் தொடக்கப் பேச்சுக்குப் பத்து நிமிடமும், முடிவில் படங்களைப் பார்ப்பதற்கும் கழுவித் துடைப்பதற்கும் இருபது நிமிடமும் போனால் மிச்சம் அறுபது நிமிடம். எட்டுப் பிள்ளைகள் என்றால் ஒருவருக்கு ஏழரை நிமிடம் கிடைக்கும்; முப்பது பிள்ளைகள் என்றால் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஒரு பெரியவரால் திருத்த முடியும், பாராட்ட முடியும், அதட்ட முடியும். பிள்ளை என்ன செய்ய முயல்கிறது என்று கேட்டு அறிய முடியாது. தனியாக நடத்தினால் எட்டு, நம்பகமான உதவியாளர் ஒருவர் இருந்தால் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு வயது வரை ஒரு குழுவும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இன்னொரு குழுவுமாகப் பிரிப்பது நல்லது. பெரிய பிள்ளையின் படத்தைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை தன் படத்தை மறைக்கத் தொடங்கிவிடும். உதவியாளருக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே கட்புலக் கலைகளைப் பயிலும் மாணவர்கள் பலர் இத்தகைய அனுபவத்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பயிற்சி பெற்ற கைக்கு, குறுக்கே போய்த் திருத்தும் ஆசை மற்றவர்களைவிட அதிகம் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குள் பெரியவர் செய்வது பெரும்பாலும் பேச்சுத்தான். ஆகையால் எதைப் பேசுவது என்பதில் கவனம் வேண்டும். "இது என்ன?" என்று கேட்டால், படம் விளங்கவில்லை என்று நீங்கள் சொல்வதாகப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். "இதப் பத்திச் சொல்லு மனே" என்றால் கதை வரும். "வடிவா இருக்கு" என்பது எல்லாருக்கும் வாயில் வரும் சொல். கெட்ட சொல்லல்ல, ஆனால் அதைக் கேட்ட பிள்ளை அடுத்த வாரமும் அதே படத்தைக் கொண்டுவரும். அதற்குப் பதிலாகக் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "இந்தப் பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளியா வச்சிருக்கிறாய், அந்தப் பக்கம் ஒண்டுமில்ல." பிள்ளை தாளைத் திரும்பிப் பார்க்கும். வெறுமையாக விட்டதற்குக் காரணம் சொல்லலாம், நிரப்பலாம், ஒன்றுமே சொல்லாமலும் இருக்கலாம். மூன்றும் அதனுடைய தீர்மானம். ஒரு பிள்ளை அரைமணி நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். இது நடத்துபவருக்கு மிகக் கடினமான வேலை, அதிலும் வாசலில் தாய் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.

பொருட்களைப் பொறுத்தவரை குறைந்த வகைகளைத் தாராளமான அளவில் வைத்திருப்பது, பல வகைகளைச் சிறிது சிறிதாக வைத்திருப்பதைவிட எவ்வளவோ மேல். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு போஸ்டர் கலர் போத்தல்களைப் பெரிதாக வாங்குங்கள். பச்சையை வாங்க வேண்டாம். வாவிக்கு மேற்கேயுள்ள வயற்பகுதியான படுவான்கரையின் பிள்ளைகள் நாற்றின் பச்சையையும், கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்துப் பச்சையையும், அறுவடைக்கு முந்திய மஞ்சள் ஊறிய பச்சையையும் வேறு வேறாகக் கண்டு வளர்ந்தவர்கள். போத்தலில் வரும் பச்சை இவற்றில் எதுவுமில்லை. கலந்து தேடிக்கொள்ளும்போது ஒரு முழுப் பட்டறையே அதில் போய்விடும், போகட்டும். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏ4 தாள் சிறிது. தோளிலிருந்து அசையும் கைக்கு ஏ3 அளவாவது வேண்டும். அலுவலகங்களில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கழித்த தாளை ஒட்டியும், சீமெந்துப் பையின் உள்தாளைத் தட்டித் துடைத்தும் பயன்படுத்தலாம். தூரிகை போதாவிட்டால் தாழம் விழுதின் நுனியைத் தட்டி நாராக்கிக்கொள்ளுங்கள்; சுவருக்குச் சுண்ணாம்பு பூச நம் முன்னோர் வைத்திருந்த தூரிகை அதுதான், பெரிய தாளில் அது இழுக்கும் கோட்டின் முரட்டுத்தனம் கடைத் தூரிகையில் வராது. வீட்டுக்கு அடிக்கும் எனாமல் பூச்சையும் மண்ணெண்ணெயையும் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவரவே கூடாது.

வர்ணம் எங்கிருந்து வருகிறது என்பதையே ஒரு பட்டறையாக வைக்கலாம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் பூசிக் காயவிட்டு, அதன்மேல் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தொட்டுக் கோடு இழுத்தால், கோடு போன இடமெல்லாம் செங்கபிலமாக மாறும். ஆலாத்தித் தண்ணீர் சிவப்பது இதனால்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டில் ஒரு பிள்ளையாவது தானே சொல்லும். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும், அது கண்ணில் படக்கூடாது. நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் கிடைக்கும் நீலத்தில் தேசிக்காய்ப் புளி சில சொட்டு விட்டால் ஊதாவாகும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். செம்பாட்டு மண், அடுப்புக்கரி, பீட்ரூட் என்று பிள்ளைகள் தாமே தேடத் தொடங்குவார்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் மஞ்சள் வெளிறிப் போகும் என்பதையும் சொல்லிவையுங்கள். இரண்டு படங்களைக் கீறி ஒன்றை வெயிலிலும் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வைத்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் ஆசிரியரல்ல, அக்கரைப்பற்றில் ஒரு பத்து வயதுப் பையன்.

களிமண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் கீற வராது என்று ஒதுங்கும் பிள்ளைகள் பலர் களிமண்ணில்தான் வாய் திறக்கிறார்கள். தாளில் தவறிய கோடு தவறியதாகவே கிடக்கும். களிமண்ணில் எதையும் திரும்பப் பிசையலாம். வயல் களிமண்ணை வாளியில் ஓரிரு நாள் ஊறவிட்டு, பழைய நுளம்பு வலையால் வடித்து, சாக்கின்மேல் பரப்பி நீர் வற்றியதும் பிசைந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு கிலோ அளவில் கொடுங்கள். சின்ன உருண்டை கொடுத்தால் சின்னப் பாம்புதான் வரும். இரண்டு துண்டுகளை ஒட்ட வேண்டுமானால் இரண்டு பரப்பையும் ஈர்க்கிலால் கீறி, கூழாகக் கரைத்த களிமண்ணைப் பூசி அழுத்த வேண்டும். வெறுமனே ஒட்டிய யானைத் தும்பிக்கை காய்ந்ததும் விழுந்துவிடும், பிள்ளையின் அழுகையை அடக்குவது உங்கள் பாடு. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் உருவின் வெளிப்பக்கம் விரைவாகக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், அதனால் வெடிக்கும். தடித்த உருவங்களை உள்ளே குடைந்தெடுத்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் மெதுவாகக் காயவையுங்கள். சுட வேண்டிய அவசியமில்லை. வைத்திருக்க விரும்பாதவற்றைப் பிள்ளைகளே மீண்டும் வாளியில் போட்டு ஊறவிடட்டும்.

யூடியூபைப் பார்த்து வாரம் ஒரு கைவேலை என்று போத்தல் மூடியில் பூ, கடதாசித் தட்டில் சிங்கம், ஐஸ்கிறீம் குச்சியில் வீடு என்று போகும் பட்டறைகளில் எட்டுப் பிள்ளைகளும் எட்டு ஒரே மாதிரிச் சிங்கங்களோடு வீட்டுக்குப் போவார்கள். பெற்றோருக்கு அது மகிழ்ச்சி. பிள்ளை எடுத்த தீர்மானம் ஒன்றையாவது அந்தச் சிங்கத்தில் தேடிப் பாருங்கள். ஒரே பொருளில் நான்கைந்து வாரம் தங்கியிருப்பது வேறு பலனைத் தரும்: முதல் வாரம் களிமண்ணைக் குத்திப் பார்க்கும், இரண்டாம் வாரம் தெரிந்த உருவைச் செய்யும், மூன்றாம் வாரம் சலித்துக்கொள்ளும், அந்தச் சலிப்புக்குப் பிறகுதான் ஒருவரும் சொல்லிக்கொடுக்காத ஒன்று வரும்.

குழுவாகச் செய்யும் வேலைக்கு நம் கூத்து மரபைப் போல வசதியானது வேறில்லை. கதை, உடுப்பு, தலையில் வைக்கும் முடி, தாளம், ஆட்டம் என்று எல்லாக் கலையும் அதில் ஒன்றாக இருக்கின்றன. பிள்ளைகள் ஒரு கதையை வாய்வழியாக ஆளுக்கொரு வசனமாக வளர்க்கட்டும். பிறகு அதில் வரும் ஆட்களுக்கு மட்டையிலும் பனையோலையிலும் முடியும் முகமும் செய்து, விறாந்தையிலேயே ஆடிக் காட்டட்டும். வடமோடிக் கூத்தில் இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் கரப்புடுப்பைப் பார்த்த பிள்ளை அதை எப்படி விரிய நிற்கச் செய்வது என்று மண்டையை உடைத்துக்கொள்வதே ஒரு நல்ல பொறியியல் பாடம். ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் இருந்தால் ஒரு நாள் அழைத்துப் பேசவையுங்கள். ஆட்டத்தைப் பழக்க வேண்டியதில்லை, பிள்ளைகள் கேள்வி கேட்க அவர் விடை சொன்னால் போதும்.

தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக வைத்து நடத்த முடியுமா என்ற ஐயத்துக்கு இந்த மண்ணிலேயே விடை இருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைத் துறவியான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடக்கிய அந்த இடத்துக்கு, போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து களிமண், வர்ணம், கதை, நாடகம், தோட்டம் என்று ஒன்றாகக் கழித்தார்கள். சோதனைச் சாவடிகளுக்கிடையே அப்போது முடிந்தது இப்போது முடியாமல் போகக் காரணமில்லை. நடைமுறைச் சிக்கல்கள் சிறியவை, ஆனால் கவனிக்க வேண்டியவை. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ. மாலைகளில் பல பிள்ளைகளுக்குக் குர்ஆன் மத்ரஸா. ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பும் தேவாலயமும். சனி பிற்பகல் பொதுவாக எல்லாருக்கும் பொருந்தும். முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நோன்பை ஒட்டி வருவதால் விடுமுறைக் காலப் பட்டறைகளை இரண்டு பாடசாலை நாட்காட்டிகளையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மனித முகத்தையோ உயிருள்ள உருவங்களையோ கீறுவதை விரும்பாத குடும்பங்களும் இருக்கலாம். அதைச் சேர்க்கும்போதே பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லாருமே சேர்ந்து செய்யும் கோலவுரு, நெசவு, எழுத்தலங்காரம் போன்ற வேலைகளை வையுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி வேலை கொடுத்து ஓரத்தில் இருத்தாதீர்கள். மருதமுனையில் கைத்தறி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் கழிவு நூல் கிடைக்கும். மட்டையில் பள்ளம் வெட்டி அதில் நூலைக் கட்டிச் சின்னத் தறியாக்கிவிட்டால் எந்த வயதுப் பிள்ளையும் நெய்யும்.

போட்டியையும் பரிசையும் பற்றிப் பெற்றோரிடம் நேராகவே பேசுங்கள். சிறுவர் தினத்தை ஒட்டியும் வேறு தினங்களிலும் நடக்கும் சித்திரப் போட்டிகளுக்குப் பிள்ளை போக விரும்பினால் போகட்டும். பட்டறையை அதற்கான பயிற்சிக் களமாக்க வேண்டாம். இதற்கு ஓர் ஆய்வை நீங்கள் எடுத்துக்காட்டலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்டது அது. படம் கீறுவதில் ஏற்கெனவே ஆசையுள்ள முன்பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, கீறினால் பரிசுப் பத்திரம் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு எதுவுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, விரும்பியதை விளையாடலாம் என்று விட்டபோது, பரிசை எதிர்பார்த்துக் கீறியவர்கள் படம் கீறுவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. சொல்லாமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. கெடுத்தது பரிசல்ல, பரிசுக்காகக் கீறுகிறோம் என்ற எண்ணம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்யும் பெற்றோர், தரம் 4 முடிந்ததும் பட்டறையை நிறுத்திவிடுவார்கள். அதில் அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. நல்ல பாடசாலை கிடைப்பது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஓய்வும் விளையாட்டும் கலையில் பங்குபற்றுவதும் பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது என்பதையும், இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிசெய்தது என்பதையும் ஒரு தடவையாவது அமைதியாகச் சொல்லிவையுங்கள். வாரத்தில் தொண்ணூறு நிமிடம் என்று கேட்டால் பலர் விட்டுக்கொடுப்பார்கள்.

துயரத்தைப் பற்றி ஒன்று. 2004 சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறைக் கரையோரம். அதன்பின் வந்த பட்டறைகள் சிலவற்றில் "உங்களுக்கு நடந்ததைக் கீறுங்கள்" என்று பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, அலையும் கவிழ்ந்த வீடுமாக வந்த படங்களைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று உங்கள் வாசலில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர். பிள்ளை தானாகக் கொண்டுவரும் துயரத்துக்கு இடம் கொடுங்கள், கேட்டிருங்கள். கிண்டிக் கேட்காதீர்கள், கறுப்பு வர்ணம் பூசினால் கவலை, சிவப்பு பூசினால் கோபம் என்று படத்துக்குச் சாத்திரம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் பக்கத்திலிருந்த போத்தல் கறுப்பாக இருந்திருக்கும். பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று உண்மையாகவே தோன்றினால், அது உளவளத்துணையாளரிடமோ 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்திலோ பேச வேண்டிய விடயம். நீங்கள் தனியாக நடத்தினாலும் பக்கத்தில் இன்னொருவராவது இருக்கும்படி எப்போதும் பெரியவர் இருவர் இருப்பது, கதவு திறந்திருப்பது, யார் வந்து கூட்டிப்போவார் என்று எழுதி வைத்திருப்பது, பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளையின் படத்தை முகநூலில் போடாதிருப்பது ஆகியவற்றை முதல் வாரத்திலேயே வழக்கமாக்குங்கள். வாவிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கீறவைப்பதாக இருந்தால் தோணி கட்டும் துறையடியோடு நில்லுங்கள், கரைச் சதுப்பில் வளரும் கண்ணாப் பற்றைக்குள் இறங்கவிடாதீர்கள்; முதலை இருக்கும் வாவி அது.

கட்டணம் வாங்குவதில் தவறில்லை. கொடுக்க முடியாத இருவருக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள், யார் அவர்கள் என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

கடைசியாகச் சான்றிதழ். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோவை வைத்து, எல்லாப் படங்களையும் நாள் வரிசையில் அதில் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்துப் புரட்டிப் பாருங்கள். நல்ல படம் எது என்று தேட வேண்டாம். "என்ன கீற?" என்று கேட்காமல் தொடங்கப் பிள்ளை எப்போது பழகியது, வர்ணம் சிந்தியபோது தாளைக் கசக்கி எறிந்த பிள்ளை அந்தக் கறையை எப்போது முதன்முதலாக வேறொன்றாக மாற்றியது, பக்கத்துப் பிள்ளையின் யோசனையை எடுத்துத் தன்னுடையதாக எங்கே வளர்த்தது என்று பாருங்கள். இவை கோவையில் தெரிய வேண்டுமானால் அன்றன்றே குறித்திருக்க வேண்டும். படத்தின் பின்பக்கத்தில் திகதியையும், பிள்ளை அதைப் பற்றிச் சொன்ன ஒரு வசனத்தை அதன் வாய்மொழியிலேயே மாற்றாமலும் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஈரத் தாளில் ஊறி முன்பக்கம் தெரியும்.